அனல்மின் சாம்பலும் ஊர்ப் பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் எண்ணூர்ப் பக்கம் புதிதாக ஒரு மின்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வந்தால், அதை வாங்கிப் படித்து, குப்பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேசுவது எங்கள் சிறிய குழுவின் வேலை. அதனால் ஒரே சந்தேகங்கள் பல வாயிலிருந்து என் காதுக்கு வருகின்றன. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், மகளிர் குழுக்களில் கேட்கிறார்கள். சில கேள்விகள் போராடும் பெண்களே கேட்டவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

1. பெண்கள் போராட்டம்னு சொல்றீங்களே, தமிழ்நாட்டுல எங்கெல்லாம் நடந்துச்சு?

நிறைய இடங்களில் நடந்திருக்கிறது. இங்கே மூன்று இடங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். ஒன்று இடிந்தகரை. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். 2011 ஆகஸ்டிலிருந்து அங்கே லூர்து மாதா ஆலயத்தின் முன் போட்ட பந்தலில் பீடி சுற்றும் பெண்களும் மீன் விற்கும் பெண்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது காவிரி டெல்டாவும் அதை ஒட்டிய புதுக்கோட்டைப் பகுதியும். வயலுக்கு அடியிலிருந்து எரிவாயு எடுக்கும் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்த காலத்தில் தொடங்கி, 2017-இல் நெடுவாசல், கதிராமங்கலம் என்று அது பரவியது. மூன்றாவது எண்ணூர். அங்கே நிலக்கரிச் சாம்பலோடு பல வருடங்களாக நடக்கும் மல்லுக்கட்டு இன்றும் முடியவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் என்பதால் இந்தப் பக்கத்தில் எண்ணூர்தான் அதிகம் வரும்.

2. எண்ணூர்ல அப்படி என்னதான் பிரச்சினை?

வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024-இல் திறந்த மூன்றாம் கட்டம் 800. பக்கத்திலேயே மத்திய, மாநில நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் வல்லூர் நிலையம் 1,500. எல்லாம் சேர்ந்து 4,000 மெகாவாட்டுக்கு மேல், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் ஒரே கழிமுகத்தைச் சுற்றி இருக்கிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், 200 கிராமுக்கு மேல் சாம்பல் மிஞ்சுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் செலவழிக்கும் சின்ன வீட்டுக்கு, அது முழுக்க நிலக்கரியில் வந்தால், இருபது கிலோவுக்கு மேல் சாம்பல். அதை யாரோ ஒருவர் வாசலில் கொட்டியாக வேண்டும். சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செப்பாக்கம் மாதிரி ஊர்களுக்கு அதுதான் நடந்தது.

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் நீர்நிலைகளைக் கடந்து போகின்றன. குழாய் ஓட்டை விழும்போதெல்லாம் சாம்பல் குழம்பு ஆற்றிலும் கழியிலும் இறங்கியது. மின்நிலையம் குளிர்விக்க எடுத்த தண்ணீர் சூடாகத் திரும்பி வருகிறது. படுகை மேடாகிப் போனது. 2022-இல், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இந்தச் சாம்பல் கசிவுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைக்கச் சொல்லித் தீர்ப்பு சொன்னது.

இதை அறிக்கைகளில் படிப்பது ஒன்று, ஆற்றில் நின்று பார்ப்பது வேறு. அங்கே இருளர் பெண்கள் வலை இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி நகர்வார்கள். விரல் நுனிக்குத்தான் எல்லாம் தெரியும். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே சாம்பல் படிந்து இறுகிக் கிடக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. சாம்பல் படிந்த இடத்தில் இறால் இல்லை, மட்டி இல்லை. கையில் கீறல் விழுந்தால் ஆறவும் மாட்டேன் என்கிறது.

3. ஏன் எப்பவும் பொம்பளைங்களே முன்னாடி நிக்கிறாங்க? ஆம்பளைங்க எங்க போனாங்க?

ஆண்கள் இருக்கிறார்கள். எண்ணூர்ச் சாம்பல் வழக்கைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனதில் மீனவ ஆண்களின் பங்கு பெரியது. ஆனால் பகலில் பந்தலில் உட்காருவது யாரால் முடியும் என்று பாருங்கள். ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள், அல்லது மின்நிலையத்திலும் துறைமுகத்திலும் ஒப்பந்தக் கூலியாக இருப்பார்கள். அங்கே முகம் தெரிந்தால் மறுநாள் கேட் பாஸ் கிடைக்காது.

இன்னொரு காரணம், கேடு முதலில் பெண்களின் வேலையில்தான் தெரிகிறது. குடத்துத் தண்ணீர் நிறம் மாறுவதைத் தூக்குகிறவர் பார்க்கிறார். துவைத்துக் காயப்போட்ட துணியில் சாம்பல் படிவதை உதறி மடிக்கிறவர் பார்க்கிறார். எண்ணூர் மீன் என்றால் சந்தையில் விலை குறைத்துக் கேட்கிறார்கள். அந்த அவமானத்தைச் சந்தையில் உட்கார்ந்து விற்கிறவர்தான் வாங்கிக்கொள்கிறார். குழந்தைக்கு மூச்சு இழுத்தால் ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுகிறவரும் அவரே.

'பெண்களை முன்னால் விட்டால் போலீஸ் அடிக்காது என்ற தந்திரம்' என்றும் சிலர் சொல்வார்கள். இடிந்தகரையில் அடித்தார்கள், கைது செய்தார்கள், திருச்சிச் சிறையில் வாரக்கணக்கில் வைத்தார்கள். தந்திரத்துக்காக யாரும் அவ்வளவு விலை கொடுக்க மாட்டார்கள்.

4. கரண்டே வேணாம்னு சொல்றீங்களா? உங்க வீட்டுல ஃபேன் ஓடலையா?

ஓடுகிறது. அந்தப் பெண்கள் வீட்டிலும் ஓடுகிறது, கரண்டு இருக்கிற நேரத்தில். மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டே மின்வெட்டில் விசிறி மட்டையோடு உட்காரும் குடும்பங்கள் உண்டு.

அவர்கள் கேட்பது இரண்டு விஷயம். மின்சாரம் எல்லோருக்கும் போகும்போது சாம்பல் மட்டும் ஏன் எங்கள் ஊருக்கு வருகிறது? எங்கள் ஆற்றில் இதைச் செய்யலாம் என்று யார் முடிவெடுத்தார்கள், எங்களை எப்போது கேட்டார்கள்? கரண்டு வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு இந்த இரண்டுக்கும் பதில் சொல்வதில்லை. பின்னால் வருகிற கேள்விகள் பலவற்றிலும் இந்த இரண்டுக்கே திரும்பி வருவேன்.

5. இவங்களுக்கெல்லாம் வெளிநாட்டுக் காசு வருதாமே?

இந்தக் குற்றச்சாட்டு இடிந்தகரை சமயத்தில் நாட்டின் உச்சியிலிருந்தே வந்தது. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், கூடங்குளம் எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக ஓர் அறிவியல் இதழுக்குப் பேட்டி கொடுத்தார். போராட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் சு.ப. உதயகுமார் அதை மறுத்தார். ஊர் மீனவர்கள் தங்கள் மீன்பாட்டில் ஒரு பங்கை ஒதுக்கிப் போராட்டத்தை நடத்தினார்கள்.

ஒரு பந்தலுக்கு என்ன செலவு என்று நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீற்று, நாலு மூங்கில், ஒரு மைக் செட், மதியம் அண்டாவில் சோறு. அரிசி ஒரு வீட்டிலிருந்து வரும், மீன் இன்னொரு வீட்டிலிருந்து வரும். பெரிய செலவு இழந்த கூலிதான், அதை ஒவ்வொரு குடும்பமும் தானே சுமக்கிறது. பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் ஒரு திட்டத்தில் யாருக்கு எவ்வளவு ஒப்பந்தம் போகிறது என்றும் சேர்த்துக் கேட்டால் நன்றாக இருக்கும்.

6. சாம்பல்ல செங்கல், சிமென்ட் எல்லாம் செய்றாங்களே, அப்புறம் என்ன கெடுதல்?

உலர் சாம்பலைச் சிமென்ட் கம்பெனிகள் விரும்பி எடுத்துப் போகின்றன, உண்மைதான். 2021 டிசம்பர் 31-இல் மத்திய அரசு வெளியிட்ட விதி, சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியே ஆக வேண்டும், பயன்படுத்தாத ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்ட ஈரச் சாம்பலுக்கு அந்த அளவு கிராக்கி கிடையாது. பழைய குளங்களில் பல ஆண்டுச் சாம்பல் அப்படியே கிடக்கிறது. வெயில் காலத்தில் காய்ந்து பறக்கும், மழைக் காலத்தில் கரைந்து ஓடும்.

புகைக் கதையும் இப்படித்தான். கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரிலேயே வரம்பு வைத்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்தக் கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். விதி எழுதிய தேதிக்கும் அது ஊருக்கு வந்து சேரும் தேதிக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடுகிறது.

7. அணு உலையில புகையே வராதே. அதை ஏன் எதிர்த்தாங்க?

புகை வராது, கரியமில வாயுவும் மிகக் குறைவு. அதை மறுத்துப் பயனில்லை. நிலக்கரியையும் அணுவையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவது எனக்கும் பிடிக்காது.

இடிந்தகரைப் பெண்களின் பயம் வேறு. 2004 சுனாமியை அவர்கள் கரையில் பார்த்தார்கள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விபத்து நடந்தால் எந்தச் சாலையில் ஓடுவது, பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பீர்கள், சுடுநீரைக் கடலில் விட்டால் மீன் எங்கே போகும், இழப்பீடு யார் தருவார்கள் என்று கேட்டார்கள். அன்று இருந்த 2010 சட்டப்படி உலையை நடத்துபவரின் பொறுப்பு 1,500 கோடி ரூபாயோடு முடிந்தது. 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு 23 ஆண்டு கழித்து ஊர்க்காரர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியிருந்தது என்பதே 4-ஆம் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு உதாரணம்.

8. இவ்வளவு போராடி எதையாவது ஜெயிச்சிருக்காங்களா?

கூடங்குளத்தில் நிறுத்த முடியவில்லை. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. மக்கள் கடலுக்குள் இறங்கினார்கள். அதே நாள் மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது. அதே தீர்ப்பில் போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. அந்த அக்டோபரில் மின்சாரம் வரத் தொடங்கியது.

டெல்டாவில் ஓரளவு வெற்றி. மீத்தேன் திட்டம் கைவிடப்பட்டது. 2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் வயல்களுக்கு ஒப்புதல் கொடுத்ததும் நெடுவாசலில் பெண்கள் வயல்வேலையை விட்டு வந்து உட்கார்ந்தார்கள். கும்மி அடித்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள். 2017 ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, கேட்டவர்களைக் கைது செய்தபோது ஊரே கொதித்தது. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. ஏற்கெனவே ஓடும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை, திருச்சியும் கரூரும் அரியலூரும் அதற்குள் வரவில்லை. இருந்தாலும் அந்தப் பந்தல்கள் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

தமிழர் ஊர் இன்னொன்று, இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006-இல் போரில் துரத்தப்பட்ட மக்களின் பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்ட இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. கிட்டத்தட்டப் பத்து வருட முகாம் வாழ்க்கைக்குப் பிறகு திரும்பியவர்கள் அதை எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது. 2016 செப்டம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக இலங்கை அரசு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 2025 ஏப்ரலில் சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

கடல் தாண்டியும் ஒன்று. தென்னாப்பிரிக்க அரசு ரஷ்யாவோடு சேர்ந்து பெரிய அளவில் அணு உலைகள் வாங்கப் பார்த்தபோது, மகோமா லெகலகலா, லிஸ் மெக்டெய்ட் என்ற இரண்டு பெண்கள் நீதிமன்றம் போனார்கள். நாடாளுமன்ற வாசலில் புதன்கிழமைதோறும் ஆட்கள் நின்றார்கள். மக்களைக் கேட்காமல், நாடாளுமன்றத்தில் முறையாக விவாதிக்காமல் எடுத்த முடிவு செல்லாது என்று 2017 ஏப்ரல் 26-இல் தீர்ப்பு வந்தது. கவனியுங்கள், அவர்கள் ஜெயித்தது 'எங்களைக் கேட்டீர்களா' என்ற கேள்வியில்.

9. காத்தாலை, சோலாரை வச்சு தமிழ்நாட்டை ஓட்டிட முடியுமா? ராத்திரி என்ன பண்ணுவீங்க?

இன்றைக்கு முழுக்க ஓட்ட முடியாது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. காற்றாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம், சூரிய மின்சாரமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசும், அப்புறம் ஓய்ந்துவிடும். சூரியன் சாயங்காலம் போய்விடும், அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் போடுவார்கள்.

சேமிப்புதான் வழி. பகலில் உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, ராத்திரி கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட், 1980-களிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று கட்டுகிறார்கள். பேட்டரியும் வருகிறது. நாளைக்கே எல்லா அனல்மின் நிலையத்தையும் இழுத்து மூடு என்று எண்ணூர்ப் பெண்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே நிரம்பிப்போன கழிமுகத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்காதே என்கிறார்கள். அதைக் கேட்பதற்கு மாநிலத்தின் மொத்த மின் கணக்கையும் அவர்கள் தீர்த்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

10. சோலார் பார்க்குன்னு ஆயிரக்கணக்குல ஏக்கர் வாங்குறாங்களே. அது மட்டும் நல்லதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ராமநாதபுரத்துப் பெண். நியாயமான கேள்வி. கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2,500 ஏக்கரில் இருக்கிறது. தண்ணீர் கிடைக்காத ஊரில் பேனல் கழுவத் தண்ணீர் வேண்டும். ஆடு மேய்ந்த தரிசுக்கு வேலி வந்துவிடுகிறது. நில உரிமையாளருக்குப் பணம் கிடைக்கும், அந்த நிலத்தில் களை எடுத்துச் சம்பாதித்த பெண்ணுக்கு எதுவும் கிடைக்காது.

இலங்கையின் மன்னார்த் தீவில் காற்றாலைகளுக்கு எதிராகவே 2025-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பறவைகளின் வலசைப் பாதை, தாழ்வான தீவில் வெள்ளம் தேங்குவது, மீன்பிடி என்று அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் யோசிக்க வேண்டியவை. காற்றிலிருந்து வந்தாலும் வெயிலிலிருந்து வந்தாலும் 4-ஆம் பதிலில் உள்ள இரண்டு கேள்விகளும் அப்படியே பொருந்தும். பசுமை என்று பெயர் வைத்துவிட்டால் ஊரைக் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது. சாம்பலும் புகையும் இல்லாததால் சூரிய மின்சாரம் நிலக்கரியைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எங்கே, யார் கையில் வைப்பது என்பதில்தான் சண்டை.

11. சரி, மாற்றா என்னதான் கேக்கறாங்க?

கூரைச் சூரிய மின்சாரத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் வரை தரும். 2024-இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் குப்பத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டால் உடனே முட்டுகிறது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மனைக்குப் பட்டா இல்லை, இணைப்பு மாமனார் பெயரில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருப்பதால் சின்ன வீட்டுக்குக் கடன் வாங்கிப் பேனல் போட்டு மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. மானியம் மாடி வீட்டுக்காரர்களுக்கே போய்ச் சேரும்படி அமைந்திருக்கிறது.

அதனால் பொதுவில் வைக்கலாம் என்ற யோசனை வருகிறது. மீன் ஏலக்கூடத்தின் மேல், பள்ளிக்கூடத்தின் மேல் பேனல் வைத்து, பஞ்சாயத்தோ மகளிர் குழுவோ நடத்துவது. இது நடக்காத காரியம் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடனும் சொந்தச் சேமிப்பும் போட்டு 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. தன் தேவைபோக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள வெறுங்கால் கல்லூரியில், பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டிகள் ஆறு மாதப் பயிற்சியில் சூரிய விளக்கு அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஐஸ் பெட்டிக்குச் சோலார் கிடைத்தால் மீனை அன்றைக்கே அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டாம் என்று ஒரு மீன்கார அக்கா சொன்னார். மின்கொள்கை பேசுகிறவர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

12. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகுது? அவங்க முடிவு பண்ணிட்டுத்தானே வர்றாங்க?

ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க நடத்தும் கூட்டம் அது, முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது, இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஆனால் அங்கே பேசுவது முழுக்கப் பதிவாகிறது. பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தப் பதிவுதான் ஆதாரம். 2024 டிசம்பர் 20-இல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு நடந்த கூட்டத்தில் ஊர் மக்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தது அதனால்தான்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றி மத்திய அரசு வெளியிட்ட 2006 அறிவிக்கைப்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று தமிழ் நாளிதழ். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில், மக்கள் சொன்னதைத் தொகுத்துத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பல இடங்களில் ஓட்டிவிடப் பார்ப்பார்கள், ஆட்களும் பசியில் கலைந்துவிடுவார்கள். நாலு பெண்களாவது கடைசிவரை உட்கார்ந்து 'வாசிங்க சார்' என்று கேளுங்கள். நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

பேசும்போது 'திட்டம் வேண்டாம்' என்று மட்டும் சொல்லி உட்காராதீர்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில், என்ன பிடித்தோம், இப்போது என்ன கிடைக்கிறது என்று சொல்லுங்கள். அறிக்கையில் 'இப்பகுதியில் மீன்பிடிப்பு இல்லை' என்று ஒரு வரி இருந்தால், அங்கே பிடிக்கும் பெண் எழுந்து தன் இடத்தைச் சொன்னாலே அந்த வரி விழுந்துவிடும். பேச்சு வராதவர்கள் எழுதிக் கொடுக்கலாம், அதற்கும் அதே மதிப்புதான். எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மட்டும் 2020 ஜனவரியில் விதியை மாற்றிக் கருத்துக் கேட்பையே எடுத்துவிட்டார்கள். அங்கே கிராம சபைத் தீர்மானம்தான் கையில் இருக்கும் கருவி.

13. எதிர்த்துப் பேசினா கேஸ் போடுவாங்களா?

கூட்டத்தில் எழுந்து பேசுவது சட்டம் கொடுத்த உரிமை, அதற்காக வழக்குப் போட முடியாது. மறியல், ஊர்வலம் என்று போனால் வழக்கு வரலாம். இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோகப் பிரிவில்கூட வழக்குப் பதிந்தார்கள். டெல்டா போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவியை 2017 ஜூலையில் குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். பிலிப்பைன்ஸில் நிலக்கரிக் கிடங்குகளை எதிர்த்த குளோரியா கபிடான் என்ற பாட்டியை 2016 ஜூலை 1 அன்று சுட்டே கொன்றார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு யாரையும் பந்தலுக்குக் கூப்பிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். ஒரு வழக்கறிஞரின் எண்ணை எல்லோரும் கையில் வைத்திருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன், பெண்களைக் கைது செய்வதற்கு நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் பெண் காவலரும் வேண்டும். இதை ஒவ்வொருவரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

14. என் வீட்டுக்காரர் பிளாண்ட்லதான் கான்ட்ராக்ட் வேலை பாக்கறார். நான் எப்படிக்கா எதிர்க்கிறது?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே கனமானது இது. வேலை போனால் அடுப்பு எரியாது, வேலை இருந்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல். இரண்டையும் ஒரே பெண் சுமக்கிறார். அவரைப் பந்தலுக்கு வரச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது. வராதவரைத் துரோகி என்று பேசியதால் உடைந்த போராட்டங்கள் உண்டு.

பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச் 31-இல் மூடப்பட்டது. நிரந்தர ஊழியர்களை வேறு இடத்துக்கு மாற்றலாம். ஒப்பந்தக் கூலிக்கும், கேட்டில் டீக்கடை வைத்தவருக்கும், சாம்பல் லாரி ஓட்டியவருக்கும் மாற்றிடம் என்று எதுவும் கிடையாது. அதனால் மூடு என்று கேட்கும்போதே, மூடினால் இவர்களுக்கு என்ன என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். குளத்துச் சாம்பலை அள்ளவும் ஆற்றைத் தூர்வாரவும் அலையாத்தி நடவும் ஆள் வேண்டும். 2-ஆம் பதிலில் சொன்ன சீரமைப்பு வேலையை அதே ஊர்க்காரர்களுக்குக் கூலி வேலையாகக் கொடு என்பது நல்ல கோரிக்கை. கணவரிடம் வீட்டில் பேச ஒரு வழி கேட்கிறவர்களுக்கு, அவருடைய முகமூடியிலிருந்தும் மருத்துவப் பரிசோதனையிலிருந்தும் தொடங்கச் சொல்வேன். சாம்பலை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.

15. எங்க ஊர்ல வேணாம்னா, வேற ஊருக்குப் போகட்டும்னு சொல்றீங்களா? அது சுயநலம் இல்லையா?

அப்படிச் சொன்னால் சுயநலம்தான். எண்ணூரில் எரியும் நிலக்கரிக்காக ஒடிசாவில் ஊர்கள் தோண்டப்படுகின்றன. அங்கேயும் தண்ணீர்க் குடத்தோடு தூரம் நடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் உடன்குடியில் 1,320 மெகாவாட் நிலக்கரி நிலையம் எழும்பியிருக்கிறது, அங்கேயும் கடற்கரை உண்டு, மீனவர் உண்டு. எண்ணூரில் கேட்ட இரண்டு கேள்விகளை உடன்குடிக்காரரும் கேட்கலாம், தால்சேர்க்காரரும் கேட்கலாம். எல்லா ஊரும் கேட்கத் தொடங்கினால் 'வேறு ஊர்' என்று ஒன்று மிச்சம் இருக்காது. அப்போதுதான் கூரையும் சேமிப்பும் மின்கம்பியில் வீணாகும் மின்சாரமும் அரசுக்கு முதல் வேலையாகத் தெரியும்.

இதைக் கேட்ட கல்லூரி மாணவியிடம் நான் சொன்னது: உன் ஊரில் அடுத்த கிராம சபை என்றைக்கு என்று பார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருடத்துக்கு ஆறு. பள்ளிக்கூட மாடியில் பேனல் வைக்க ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.